சர்பத் பாட்டிலோடு பச்சை மலைக்கு

"எதற்காக ஓமன் போகிறாய்?" என்று எல்லைச் சாவடியில் இருந்தவர் இந்தியில் கேட்டார். "திராட்சைத் தோட்டம் பார்க்க" என்றேன். அவர் என்னை ஒரு முறையும் என் பாஸ்போர்ட் போட்டோவை ஒரு முறையும் பார்த்தார். அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு கராஜில் ஸ்டோர் கீப்பராக இருப்பவன் லீவு போட்டுக்கொண்டு திராட்சைக் கொடி பார்க்கப் போகிறான் என்றால் நானே நம்ப மாட்டேன். அவர் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். ஏன் இவ்வளவு சுலபமாக விட்டார் என்ற யோசனை ஓமனில் நிஸ்வா ஊர் போய்ச் சேரும்வரை எனக்குத் தீரவில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஸ்பேனர் கேட்டு வருகிறவனிடம் பழைய ஸ்பேனர் எங்கே என்று கேட்காமல் புதியதை நான் கொடுத்ததில்லை. அதனால்தான் அக்கா இந்த வேலையை என் தலையில் கட்டினாள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா மகள் கவிதாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் முருகானந்தம், அறந்தாங்கிப் பக்கம். ஓமனில் பச்சை மலை என்கிற ஜபல் அக்தர் மலையில் ஒரு கிழவரின் தோட்டத்தில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ பரிமாறியாகிவிட்டது, கவிதாவும் சரி சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, நிஸ்வாவில் முன்பு வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாயைத் திறந்தார். "அந்த மலையில திராட்சை வெளையுது. பானை பானையா ஊறல் கெடக்கும். அங்க இருக்கிற பய குடிக்காம இருப்பானா?"

அக்கா போனில் அழவில்லை. அவள் அழுது முடித்து நாலு வருஷம் ஆகிறது. அத்தான் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். "வேலை சின்னதா இருந்தாலும் பரவால்ல, வீடு ஓட்டு வீடா இருந்தாலும் பரவால்ல தம்பி. குடிக்கிறவனுக்கு மட்டும் எம்பொண்ணைக் குடுக்க மாட்டேன். நீ நேர்ல போய்ப் பாரு. நீ சரின்னாத்தான் தட்டு மாத்துவேன்" என்றாள்.

மாப்பிள்ளை விசாரிக்க எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. பெண் வீட்டுக்காரன் என்று காட்டிக்கொள்ளாமல் அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் உட்கார வேண்டும். சலூனில் முகம் மழித்துக்கொண்டே பேச்சுக் கொடுக்க வேண்டும். பஸ் ஏறும்போது பையனின் வண்டவாளம் கையில் இருக்கும். மலை உச்சியில் இருக்கிற பையனுக்கு டீக்கடை ஏது, சலூன் ஏது? பாட்டிலை நீட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அபுதாபியில் மது வாங்க லைசென்ஸ் வைத்திருந்த ஒரு சிநேகிதனிடம் சிவப்பு ஒயின் வாங்கினேன். அதை எல்லையில் அப்படியே கொண்டுபோக முடியாது. நோன்பு மாதத்தில் எல்லா வீட்டிலும் கரைக்கிற கருஞ்சிவப்பு சர்பத்தின் காலி பாட்டிலில் அதை ஊற்றி மூடினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க அரை கிளாஸ் குடித்தும் பார்த்தேன்.

முதல் நாள் முழுக்க ஷேர் டாக்ஸியில் போனது. ஏசி ஓடவில்லை. ஓட்டிய ஓமானியர் வழியில் ஒரு ஆட்டுக்குத் தீவனம் வாங்கினார், ஒரு வீட்டில் கதவைத் தட்டி நலம் விசாரித்தார், ஓரிடத்தில் டயரைக் கழற்றிவிட்டு எங்களை அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார். நிஸ்வாவில் இறங்கினால், அல்வாக் கடைக்காரர் கூப்பிட்டு ஒரு கரண்டி அல்வாவைக் கையில் வைத்தார். காசு வேண்டாமாம். எங்கள் நாட்டில் மஸ்கோத் அல்வா என்று விற்கிறார்களே, அதன் பெரியப்பா மாதிரி கறுத்து மினுமினுத்தது. சும்மா கொடுக்கிறவனை நம்பக் கூடாது என்று நான் வாங்காமலே நடந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கித் தின்றுவிட்டு உயிரோடுதான் போனார்கள். அன்று மலையாளி ஓட்டலில் பரோட்டா தின்று, லாட்ஜில் படுக்கும் முன் பாட்டிலில் இருந்து இரண்டு மடக்கு. அலுப்பு தீர வேண்டாமா?

மறுநாள் காலை மலைக்கு வண்டி பிடித்தேன். அந்த ஏற்றத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால்தான் அடிவாரத்தில் போலீஸ் விடுவார்கள். ஓட்டியவர் யோகராசா, யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும்.

"தனியவே போறியள்? அங்க என்ன அலுவல்?"

"சும்மா சுத்திப் பாக்கத்தான்."

"சும்மாவோ? சும்மா மலைக்குப் போற தமிழாக்களை நான் இன்னும் காணேல்லை" என்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

அடிவாரத்தில் போலீஸ்காரர் வண்டியின் காகிதங்களைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், குனிந்து என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். பாட்டிலின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "சர்பத்" என்றேன், அவர் கேட்காமலே. அவர் சிரித்துக் கையை ஆட்டினார். யோகராசா சிரிக்கவில்லை.

வளைந்து வளைந்து ஏறும்போது அவராகவே பேசினார். "முந்தி இந்த மலைச் சனம் முந்திரிகையில இருந்து ஏதோ வடிச்சுக் குடிச்சதெண்டு கதைப்பினம். இப்ப அப்பிடி ஒண்டும் இல்லை." அவர்கள் முந்திரிகை என்பது நம் திராட்சை. இப்போது இல்லை என்று இவ்வளவு அழுத்தமாக ஏன் சொல்கிறார்? மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மேலே இறங்கியதும் குளிர் முதுகில் ஏறியது. வளைகுடாவில் சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? முருகானந்தம் வண்டிச் சத்தம் கேட்டு வந்தான். நெடுநெடுவென்று, கறுப்பு, கைகளில் கீறல்கள். விரல் நுனிகளில் பழுப்புக் கறை. கண் சிவந்திருந்தது. முதல் பார்வையிலேயே மூன்று குற்றம்.

"ரவி, திருச்சி" என்று பொய் சொன்னேன். "இங்க ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறதா சொன்னாங்க. தோட்டத்துப் பாதையெல்லாம் நடந்து பாக்கலாம்னு வந்தேன்."

அவன் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். "வாங்க சார். ரூம்லயே தங்கிக்கலாம். சாப்பிட்டீங்களா?"

இதுதான் சமயம் என்று பாட்டிலை எடுத்து நீட்டினேன். "ஸ்பெஷல் சர்பத்து தம்பி" என்று கண்ணடித்தேன். குடிக்கிறவனாக இருந்தால் அந்தக் கண்ணடிப்பு போதும். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருப்பான். இவன் இரண்டு கையாலும் வாங்கினான். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று சமையல் அலமாரியில் வைத்து மூடினான். பலே கெட்டிக்காரன், அவசரப்படாமல் ஒளித்து வைக்கிறான் என்றுதான் தோன்றியது.

அன்று மதியம் அவன் என்னை நடத்திக் கூட்டிப்போன பாதையை என்னால் மறக்க முடியாது. மலைச் சரிவை வெட்டிக் கல் அடுக்கி, படிப்படியாக வயல் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் எங்கள் ஊர் நாற்றங்கால் அளவுதான். ஓரமாக ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரைதான் நடைபாதை. ஒரு பக்கம் ஓடும் தண்ணீர், மறு பக்கம் பாதாளம். தஞ்சாவூர்ச் சமவெளியில் பிறந்தவனுக்கு வரப்பில் நடக்கத் தெரியும். ஆனால் எங்கள் வரப்பில் இருந்து விழுந்தால் சேறு, இங்கே விழுந்தால் செய்தித்தாள். மாதுளை மரங்களில் சிவப்பாகப் பூ. கம்பம் பக்கம் பார்த்த மாதிரியே பந்தல் போட்டுத் திராட்சைக் கொடி. காய் இப்போதுதான் மிளகளவுக்குப் பச்சையாக வைத்திருந்தது.

"இது பழுத்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"ஆடியில பழுக்கும் சார். சந்தைக்குப் போகும். மிஞ்சினதை அர்பாப் பானையில போடுவாரு."

அர்பாப் என்றால் முதலாளி. பானையில் என்ன போடுவார் என்று கேட்பதற்குள் எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள், கையில் ஊன்றுகோலோடு. அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "இந்தப் பாதை ஒயின் சுவைத்துப் பார்க்கிற இடத்துக்குப் போகுமா?"

"இல்லம்மா, பள்ளிவாசலுக்குப் போகும்" என்று அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முருகானந்தம் பணிவாகச் சொன்னான்.

புருஷன்காரர் சிரித்தார். "எங்கள் நாட்டில் திராட்சைத் தோட்டத்தில் நடந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கிளாஸ் கொடுப்பார்கள்" என்றார். அவர்கள் போன பிறகும் நான் அந்தத் திருப்பங்களை நினைத்துக்கொண்டே நடந்தேன். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது.

அடுத்த கிராமத்தில் வீடுகளுக்கு இடையே ஒரு தாழ்ந்த அறை. சுவரெல்லாம் புகை பிடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தது. உள்ளே மண்ணில் கட்டிய நீள அடுப்பு, அதில் வரிசையாகப் பானை, பானைக்கு மேல் தண்ணீர் நிறைந்த செம்புப் பாத்திரம், இடைவெளியைத் துணியால் இறுக்கி அடைத்திருந்தது. பானைக்குள் ஊறல், மேலே குளிர்ந்த தண்ணீர், நடுவில் சொட்டு விழ ஒரு கிண்ணம். எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் இதே மாதிரிப் பட்டைச் சாராயம் காய்ச்சி, இதே மாதிரி அத்தானும் நானும் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். இனி எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கவிதா, நீ பிழைத்தாய்.

"எங்க அர்பாப் அடுப்புதான் சார். விடியக்காலைலேருந்து இந்தப் புகையிலதான் கெடக்கேன், கண்ணே தெரியல" என்று முருகானந்தம் மேல் பாத்திரத்தைத் தூக்கி, உள்ளே இருந்த கிண்ணத்தில் இருந்து ஒரு சிறு கிளாசில் ஊற்றினான். "சூடா குடிச்சுப் பாருங்க."

வாங்கி ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டேன், பழக்கதோஷம். வாய் நிறைய ரோஜாவும் புகையும். கல்யாண மண்டப வாசலில் தெளிப்பார்களே, அந்தப் பன்னீரை விறகடுப்பில் வைத்து எடுத்தது போல இருந்தது. மூலையில் கூடை கூடையாக இளஞ்சிவப்பு இதழ்கள் குவிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் இருமி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"வேற என்னன்னு நெனச்சீங்க சார்?"

"ஒண்ணுமில்ல."

விட்டேனா? மூன்றாம் நாள் காலையில் அவன் தண்ணீர் திருப்பப் போன நேரம் பார்த்து, அறைக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்துக்குள் நுழைந்தேன். மிஞ்சின திராட்சையைப் பானையில் போடுவார் என்று அவனே சொன்னானே. இடுப்பளவு பானைகள், வாயில் துணி கட்டி நாலு நின்றன. புளித்த வாசனை ஆளைத் தூக்கியது. ஒன்றின் துணியை அவிழ்த்து, கிடந்த அகப்பையால் மொண்டு குடித்தேன். நாக்கில் இருந்து வயிறு வரைக்கும் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அது காடி சார்" என்றது வாசலில் இருந்து ஒரு குரல். மண்வெட்டியோடு முருகானந்தம் நின்றிருந்தான். "வினிகர். பெருநாளைக்குக் கறி ஊறப்போட. அவ்வளவு குடிக்கக் கூடாது."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பையன் சுத்தம். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். அலமாரியில் இருக்கிற என் பாட்டிலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட வேண்டும். அலமாரியைத் திறந்தால் பாட்டில் இல்லை.

அது எங்கே போயிற்று என்பது மதியம் தெரிந்தது. அர்பாப் வீட்டில் எனக்கு விருந்து. எழுபது வயது இருக்கும் அந்தப் பெரியவருக்கு, வெள்ளைத் தாடி, வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். பேரீச்சம்பழம் வந்தது, கஹ்வா என்கிற அரபிக் காபி வந்தது. சின்னக் கிண்ணத்தை நான் கீழே வைக்க வைக்க ஊற்றிக்கொண்டே இருந்தார். ஏழாவதுக்கு முருகானந்தம், "கிண்ணத்தை லேசா ஆட்டிக் குடுங்க சார், அப்பதான் போதும்னு அர்த்தம்" என்று காதோரம் சொன்னான். பிறகு பாயில் பெரிய தட்டம், சோறு, ஆட்டுக்கறி. பெரியவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு குவளை தண்ணீர். பக்கத்தில் என் சர்பத் பாட்டில்.

"விருந்தாளி கொண்டாந்ததை நாம மட்டும் குடிக்கலாமா? அர்பாபுக்குச் சர்பத்துன்னா உயிரு" என்றபடி முருகானந்தம் மூடியைத் திருகினான்.

இப்போதுதான் தொழுகையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர். ஆயுசுக்கும் தொடாததை, என் கையால், அவர் வீட்டிலேயே. இந்தப் பையன் வேலை போகும், ஊர் போய்ச் சேருவானோ ஜெயிலுக்குப் போவானோ தெரியாது. கவிதா கல்யாணம் அத்தோடு சரி. வாயைத் திறந்து சொல்லவும் தைரியம் வரவில்லை. பாட்டில் சாய்ந்து டம்ளரில் முதல் தாரை விழுந்தது. சர்பத் மாதிரி கொழகொழவென்று விழாமல் தண்ணீராக விழுந்தது. பெரியவர் டம்ளரைத் தொடப்போனார். கறி எடுக்கிறவன் போல நான் அப்படியே குறுக்கே பாய்ந்தேன். டம்ளர் உருண்டது, பாட்டில் உருண்டது, பாய் முழுக்கச் சிவப்பு.

வாசனை எழும்பியது. முருகானந்தம் நனைந்த தன் கையை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை என் பரம எதிரி மேலும் விழக் கூடாது.

அவன் பெரியவர் பக்கம் திரும்பி அரபியில் ஏதோ சொன்னான். பெரியவர் புருவத்தைத் தூக்கினார், பிறகு பல் தெரியச் சிரித்து என் தோளைத் தட்டினார். "மாஃபி முஷ்கில்" என்றார், பரவாயில்லை என்று. எழுந்துபோய் ஒரு பாட்டில் வினிகரோடு வந்து என் கையில் வைத்தார். முருகானந்தம் தமிழில் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். "சர்பத்து வெயில்ல புளிச்சுப்போச்சு, அது தெரிஞ்சு விருந்தாளி வெக்கப்பட்டுத் தட்டிவிட்டுட்டார்னு சொன்னேன். புளிக்க வெக்கிறதுன்னா ஒழுங்கா வெக்கணும், இதை எடுத்துட்டுப் போகட்டும்ங்கிறாரு."

பாயைச் சுருட்டி வாய்க்காலில் போட்டு அவன் தேய்த்தான். நானும் குனிந்து தேய்க்கப் போனேன்; கையைத் தள்ளிவிட்டான். வண்டி நிற்கிற இடம் வரைக்கும் அந்த ஒற்றையடிக் கரையில் அவன் முன்னே, நான் பின்னே. பாதி வழியில் நின்றான்.

"நீங்க கவிதாவோட மாமாதானே?"

"எப்பத் தெரியும்?"

"வண்டியிலேருந்து இறங்கினப்பவே. அவங்க அனுப்பின போட்டோவுல பின்னாடி ஓரமா நிக்கிறீங்க. கையில டம்ளரோட." நனைந்த கையைச் சட்டையில் துடைத்தான். "என்னைய விசாரிக்க வந்தீங்க, அது மொறை. பானையைத் தொறந்து பாத்தீங்க, சரி. ஆனா அந்தப் பெரியவர் என்னைப் புள்ள மாதிரி வெச்சிருக்காரு மாமா. அவரு வாயில அது பட்டிருந்தா நான் எந்த மூஞ்சியோட இங்க இருப்பேன்?"

தப்புதான் என்றேன். அதை அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நீங்க போய் என்ன சொல்லணுமோ சொல்லுங்க. எங்கம்மாவும் பொண்ணு வீட்டு ஆளுங்க எப்படின்னு விசாரிக்கச் சொல்லியிருக்காங்க. என்ன சொல்றதுன்னு நான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

இறக்கத்தில், கூட்டிப்போக வந்திருந்த யோகராசா என் சட்டையை ஒரு தரம் முகர்ந்தார். "சர்பத்தோ?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வழி முழுக்க எனக்குச் சந்தேகப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை. நல்லவனாக ஒரு பையன் வந்தான், அவனை விரட்டப் போவது நானாகத்தான் இருக்கும் என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை லீவு. போன் கார்டு வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னடா, குடிப்பானா?"

"இல்லக்கா. சொட்டு கூடக் கிடையாது."

"நல்லது. அவங்க வீட்டுலேருந்து நேத்தே பேசிட்டாங்க. தேதி பாக்கச் சொல்லிட்டாங்க."

"பையன் என்ன சொன்னானாம்?"

"பொண்ணோட மாமா வந்தாரு, தப்பைத் தப்புன்னு ஒத்துக்கிற மனுசன், தைரியமா செய்யலாம்னானாம். ஆனா அவர் கையால சர்பத்து குடுத்தா மட்டும் வாங்கிடாதீங்கன்னானாம். அவங்கம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. அது என்னடா சர்பத்து?"

சொன்னேன். பாட்டில் வாங்கியதில் இருந்து பாய் சிவந்தது வரைக்கும். ஆரம்பித்த பிறகு அங்கே நிறுத்த முடியவில்லை. "அத்தானுக்கு ஒவ்வொரு லீவுக்கும் நான்தாங்கா கொண்டாந்து குடுத்தேன். பெட்டிக்கு அடியில, கைலிக்குள்ள சுத்தி. கேக்காமலே குடுத்தேன். பக்கத்துல உக்காந்து நானும் குடிச்சேன். அவர் போனதுலேருந்து அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"தெரியும்டா" என்றாள் அக்கா. "காலி பாட்டிலையெல்லாம் கழுவிக் கவுத்தது யாருன்னு நெனக்கிறே? ரெண்டுல இன்னும் நல்லெண்ணெய் ஊத்தி வெச்சிருக்கேன்."

"தெரிஞ்சுமா என்னை அனுப்பினே?"

"குடிக்காதவனை அனுப்பினா அவனுக்கு என்ன தெரியும்? நீ போனா மோப்பம் புடிச்சிடுவேன்னுதான் அனுப்பினேன்." கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. அதற்குள் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். "கல்யாணத்துக்கு வர்றப்ப பெட்டியை நீ தொறக்காத. நான் தொறக்கிறேன்."

பெட்டியில் இப்போதைக்கு அந்தப் பெரியவர் கொடுத்த வினிகர் பாட்டில் மட்டும் இருக்கிறது. அதையும் அக்கா மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள்.